நாயக்கர் மகாலில் தற்செயலாக

அக்கா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளிக்கிழமை வந்துரு. சனிக்கிழமை பத்தரைக்கு நாம எல்லாரும் தற்செயலா நாயக்கர் மகாலுக்குப் போறோம்."

நான் புனேயில் இருபத்தாறு வருடங்களாகக் கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவன். தற்செயலாக ஓர் இடத்துக்குப் போவதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் உட்கார வேண்டுமா என்று கேட்டேன். அக்கா போனை வைத்துவிட்டாள். அவள் பதில் சொல்லாவிட்டால் வந்துதான் ஆக வேண்டும் என்று பொருள்.

வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அக்கா மகள் பூங்கொடிக்கு நான் தாய்மாமன். நான் இல்லாமல் அவள் கல்யாணக் காரியம் எதுவும் நடந்தால் முறைப்படி நான் கோபித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இதைவிடச் செலவும் அலைச்சலும் அதிகம். இரண்டாவது, அந்த மகால். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சாத்தூரிலிருந்து சுற்றுலா என்று எங்களை அங்கே அழைத்து வந்தார்கள். வழியில் தின்ற ஏதோ ஒன்று வேலையைக் காட்டிவிட்டது. எல்லாரும் அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் பார்த்தது பக்கத்துத் தெருவில் ஒரு கழிப்பறையின் தகரக் கதவை மட்டும்தான். பிறகு தொழில் படித்த காலத்தில், உத்தரமே இல்லாமல் வளைவுகள் மேல் நிற்கும் அந்தக் கூரையைப் பற்றி வாத்தியார் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தகரக் கதவுதான் கண்ணில் வரும். இந்த வயதிலாவது அந்தக் கூரையைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

இந்தத் 'தற்செயல்' என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் நேரே வீட்டுக்கு வந்து, கேசரி தின்று, பெண்ணைப் பார்த்துவிட்டு, பிறகு வேண்டாம் என்றால் அது பெண்ணுக்குக் கணக்கில் ஏறிவிடும். அதனால் முதலில் கோயிலிலோ பூங்காவிலோ இரண்டு குடும்பமும் எதேச்சையாக வந்ததுபோல வந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பிடித்தால் தரகர் மூலம் மேற்கொண்டு பேசலாம். பிடிக்காவிட்டால் எதுவுமே நடக்கவில்லை. இதில் ஒரே ஒரு விதிதான்: நீங்கள் இன்னார்தானே என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அது பெண் பார்த்ததாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை இறங்கினேன். கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று நாள்காட்டி சொன்னது; வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா வீடு செல்லூரில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய சந்தில் இருக்கிறது. அத்தான் அங்கே நான்கு தறிகள் வைத்துத் துண்டு நெய்கிறார். விசைத்தறிச் சத்தத்திலேயே முப்பது வருடம் பேசிப் பழகியதால் அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் என்றால் வாய்ப் பக்கத்தில் கையை வைத்துக்கொள்வார், சத்தம் அதேதான்.

"மாப்ள, வா. ஒடம்பு வத்திப் போச்சே. அங்க சோறு கீறு உண்டா இல்லியா?" என்றார். மூன்று வீடு தள்ளி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

மதியம் அயிரை மீன் குழம்பு. புனேயில் இருபத்தாறு வருடமாக நான் குழம்பு என்று நம்பிச் சாப்பிட்டுவருவதை நினைத்து வெட்கமாக இருந்தது. மூன்றாம் முறை சோறு போடும்போது அக்கா சங்கதியைச் சொன்னாள்.

பூங்கொடிக்கு முப்பது வயது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் கடல்பாசியில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறாள். மதுரையில் கடல் இல்லையே என்று அங்கே யாரும் கேட்கவில்லை போலும். இதுவரை ஏழு குடும்பங்கள் வீட்டுக்கே வந்து கேசரி தின்றுவிட்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போயின. ஒரு குடும்பமும் கலந்து பேசி முடிக்கவில்லை. இப்போது கொரியாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. வருகிறாளா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

"இதான்டா கடைசி. நாளைக்கு இந்த இடம் அமைஞ்சா அவ போக மாட்டா. தட்டிப் போச்சுன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன்" என்றாள் அக்கா. கரண்டி கையிலேயே நின்றது. "அம்புட்டுத் தூரத்துல இவ தனியா என்னடா செய்வா?"

பூங்கொடி அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். சந்திப்பு பத்தரைக்கு. ஆகவே ஒன்பதுக்கு முன்பே வாசற்படியைத் தாண்டிவிட வேண்டும் என்று அக்கா ஏற்பாடு. எட்டு ஐம்பதுக்கு நான்கு பேரும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். வைகைப் பாலத்தின் நடுவில் அது நின்றுவிட்டது. கீழே ஆறு இருக்க வேண்டிய இடத்தில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆட்டோக்காரர் இறங்கி, எதையோ தட்டி, எதையோ ஊதி, கடைசியில் எங்களைப் பார்த்தார். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் அத்தானும் தள்ளினோம். பாலம் முடிகிற இடத்தில் ஆட்டோ கிளம்பியது.

"ராகு காலத்துல வண்டி எடுத்தா இப்படித்தாண்ணே" என்றார் ஆட்டோக்காரர், நாங்கள் ஏதோ அவர் பேச்சைக் கேட்காமல் போனதுபோல.

அப்படியும் ஒரு மணி நேரம் மிச்சம். அதை மாசி வீதிப் பக்கம் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து கழித்தோம். சும்மா உட்கார விட மாட்டார்கள் என்பதால் தின்றோம். இட்லி, அதற்கு நான்கு சட்னி. வெண்பொங்கல். வடை. நெய் ரோஸ்ட். இரண்டு காபி. புனேயில் காலையில் ஒரு தட்டு அவலைத் தின்றுவிட்டு மதியம் வரை நான் ஓடுவேன். பத்தரைக்கு மகால் வாசலில் இறங்கியபோது என்னால் குனிய முடியவில்லை.

அடையாளங்களைத் தரகர் முன்பே சொல்லியிருந்தார். பையன் நீலச் சட்டை, அவன் அம்மா அரக்குச் சேலை, நம் பெண் பச்சைச் சேலை. புகைப்படம் இல்லையா என்றால், இருந்தது. ஸ்டூடியோக்காரர் பையனை வெளுப்பாக்கி, கன்னத்தை இழைத்து, பின்னால் ஓர் அருவியை வைத்திருந்தார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அருவியை வேண்டுமானால் கண்டுபிடிக்கலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் மகால் ஒரு பெரிய பழைய சுவர்தான். உள்ளே காலை வைத்து முற்றத்துக்கு வந்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. வரிசை வரிசையாகத் தூண்கள். ஒரு தூணை நான் கட்டிப் பிடித்துப் பார்த்தேன். என்னைப்போல இன்னும் இரண்டு பேர் கைகோத்தால்தான் சுற்றி வர முடியும். செங்கல்லைக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி, முட்டை வெள்ளைக் கருவால் இழைத்து வழவழப்பாக்கினார்கள் என்கிறார்கள். அந்த வழவழப்பின்மேல் நம் ஆட்கள் கை எட்டும் உயரம் வரை தங்கள் பெயரையும் காதலி பெயரையும் ஆணியால் கீறி வைத்திருக்கிறார்கள். மேலே தலை உயர்த்தினால் வளைவுகள், சுதையில் செய்த யாளிகள், அதற்கும் மேலே—

"தூணைப் பார்க்காதடா. ஆளைப் பாரு" என்று அக்கா இடுப்பில் குத்தினாள்.

ஆளும் கிடைத்தது. சொர்க்கவிலாசம் என்று சொல்லப்படும் பெரிய மண்டபத்தில், அரியணை மேடைக்கு முன்னால் நீலச் சட்டை. பக்கத்தில் அரக்குச் சேலை. கூட ஒரு அப்பாவும், ஒயர் கூடை வைத்திருந்த ஒரு சித்தப்பாவும். அவர்களும் எங்கள் பச்சைச் சேலையைப் பார்த்துவிட்டார்கள். உடனே இரண்டு குடும்பங்களும் கூரையைப் பார்க்க ஆரம்பித்தன.

அத்தான் வாய்ப் பக்கம் கையை வைத்தார். "மாப்ள, பையனுக்கு லேசா முன் வழுக்கை" என்றார். அந்த மண்டபத்தைக் கட்டியவர்கள், அரசர் பேசினால் கடைசி ஆள் வரை கேட்க வேண்டும் என்று கட்டியிருப்பார்கள். நீலச் சட்டை மெல்லக் கையால் தலையைத் தடவிக்கொண்டது.

அடுத்த அரை மணி நேரம் நடந்ததை எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை. அக்கா அரியணை முன்னால் போய் நின்று, அரியணையிடம் சொன்னாள்: "எங்க பொண்ணு வைக்கிற சாம்பாருக்கு எங்க வீடே அடிமை."

பூங்கொடி என் காதில், "நான் சாம்பார் வச்சதே இல்ல மாமா" என்றாள்.

அரக்குச் சேலை நான்கடி தள்ளி நின்று மேலே விதானத்திடம் பதில் சொன்னாள்: "எங்க பையன் வீட்ல இருக்கானான்னே தெரியாது. அம்புட்டு அமைதி. டயர் கம்பெனியில நல்ல பேரு."

அக்கா முகம் மாறியது. எங்களுக்குச் சொன்னது தூத்துக்குடியில் பேங்க் வேலை. என்னை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "வேலை மாறியிருப்பான். இப்பல்லாம் மாறிக்கிட்டே இருக்காங்கள்ல" என்று அவளே கேட்டு அவளே சமாதானமானாள்.

என்னைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். எதேச்சையாகப் பேசுகிற முகத்தோடு, "சாருக்குச் செங்கல்பட்டுங்களா?" என்றார்.

"இல்லங்க, புனே."

அவர் சற்று யோசித்தார். "அதுவும் அந்தப் பக்கந்தான்" என்றார்.

அந்தக் குடும்பம் நாடகசாலைக்கு நகர்ந்தது. பத்தடி விட்டு நாங்களும் நகர்ந்தோம். அங்கே கல் சிற்பங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூக்கு உடைந்த ஒரு சாமியை இரண்டு குடும்பமும் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தன. சாமிக்குப் பதிலாக நான் கூச்சப்பட்டேன். திரும்ப முற்றத்துக்கு வந்தபோதுதான் கவனித்தேன்: இன்னும் மூன்று நான்கு குடும்பங்கள் உடுத்திக்கொண்டு வந்து, தூணுக்குத் தூண் ஒதுங்கி நின்று, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லார் வீட்டிலும் ஒரே நாள்காட்டி. எல்லாருக்கும் ராகு காலம் முடிந்த முதல் நல்ல நேரம்.

எங்கள் பக்கத்தில் ஒரு மராத்திக் கணவன் மனைவி. அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், "பாருங்கள், ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை, சிரிக்கவில்லை. மேலேயே பார்க்கிறார்கள். இன்றைக்கு இவர்களுக்கு ஏதோ விரதம்" என்றாள். நான் புனேயிலிருந்து வருகிறேன் என்று மராத்தியில் சொல்லி, விளக்க வாயெடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். எங்கள் புனேயிலும், அங்கே ஆண்ட பேஷ்வாக்களின் கோட்டை ஒன்று இருக்கிறது. தீயில் போனது போக மதில்தான் மிச்சம். இந்த அரண்மனையும் கட்டியபோது இதைப்போல நான்கு மடங்கு இருந்ததாம். கட்டியவரின் பேரனே பாதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோகப் பார்த்தாராம். ஒரு கட்டட வேலைக்காரனாகச் சொல்கிறேன், அந்தப் பேரன் மட்டும் என் கையில் கிடைத்தால் நன்றாகத் திட்டியிருப்பேன்.

பூங்கொடி ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். "மாமா, பையனைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"நல்ல பையனாத்தான் தெரியுது. ஏன், பிடிக்கலையா?"

"நல்லவனா இருக்கிறதுதான் பிரச்சினை. முன்ன வந்தவங்களைப் பத்தி நான் யோசிச்சதே இல்ல. இவரு அரியணைப் பக்கம் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினாரு. இவரையும் வேண்டாம்னு சொன்னா அம்மா ஒடஞ்சு போயிரும். சரின்னு சொன்னா நான் ஒடஞ்சு போயிருவேன்." கைபேசியைத் திறந்து காட்டினாள். கொரியாவுக்கு இரண்டு கடிதங்கள் எழுதித் தயாராக வைத்திருந்தாள். ஒன்று வருகிறேன் என்று. மற்றது மன்னிக்கவும் என்று. இவ்வளவு நேரம் எனக்கு வேடிக்கையாக இருந்த ஒன்றில் இந்தப் பெண்ணின் இரண்டு வருடமோ இருபது வருடமோ தொங்கிக்கொண்டிருந்தது.

பதினொன்றரை நெருங்கியது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லாக் குடும்பங்களும் வாசலைப் பார்த்து நகர ஆரம்பித்தன. அரக்குச் சேலை கடைசியாகப் பூங்கொடியைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா என் கையை அழுத்தினாள். "பிடிச்சிருச்சுடா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பூங்கொடி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அந்த அரக்குச் சேலை அம்மாளிடம் போனாள்.

"அம்மா, நீங்க பார்க்க வந்த பொண்ணு பேரு என்ன?"

கேட்கக் கூடாத ஒரே கேள்வியை ஒரு பெண்பிள்ளை கேட்டுவிட்டாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உமா" என்றாள் அந்த அம்மாள், தன்னை அறியாமல். "டீச்சரு. செங்கல்பட்டுல மாமா."

"நான் பூங்கொடி. நான் டீச்சர் இல்லைங்க."

மூன்றாவது தூணுக்குப் பின்னாலிருந்து இன்னொரு பச்சைச் சேலை எட்டிப் பார்த்தது. "நாந்தான் உமா" என்றது. அந்த உமாவை ஒரு மணி நேரமாக விடாமல் சுற்றிக்கொண்டிருந்த இன்னொரு அரக்குச் சேலையும் இன்னொரு நீலச் சட்டையும் அப்படியே நின்றன. அந்த நீலச் சட்டை தயங்கித் தயங்கிக் கை தூக்கியது. "பூங்கொடிய பார்க்க வந்தது நாங்கங்க. தூத்துக்குடி."

தரகருக்கு நான் போன் போட்டேன். ஏதோ கல்யாண வீட்டில் இருந்தார்; மேளச் சத்தம். இரண்டு ஜோடிக்கும் அவர்தான் தரகர். "பொண்ணுன்னா பச்சை, பையன்னா நீலம், அம்மான்னா அரக்கு. எல்லாருக்கும் அதைத்தாண்ணே சொல்றது. எனக்கு ஞாபகம் வச்சுக்கச் சுலபமா இருக்கும்ல" என்றார். பிறகு அக்கறையாக, "தற்செயலாத்தானே பார்த்தீங்க?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

எல்லாரும் யாரைத் திட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தபோது, பூங்கொடி தூத்துக்குடிக்காரரைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டு நிறுத்தினாள். நாங்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தோம். காதை மட்டும் இங்கே வைத்துக்கொண்டோம்.

"எனக்குக் கொரியாவுல ரெண்டு வருசம் வேலை வந்திருக்கு. எனக்குப் போகணும். அதுவரைக்கும் உங்களால காத்திருக்க முடியுமா?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "முடியாதுங்க. எனக்கு முப்பத்தஞ்சு ஆகுது, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. சரின்னு சொல்லிட்டு அப்புறம் நான் உங்களைத் தொந்தரவு பண்ணுவேன்" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லவா? உங்க எடத்துல நான் இருந்தா போயிருவேங்க."

"ரொம்ப நன்றிங்க" என்றாள் பூங்கொடி. "இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட நேரா சொன்னதில்ல." அங்கேயே நின்று கைபேசியை எடுத்தாள். ஒரு கடிதத்தை அனுப்பினாள். மற்றதை அழித்தாள். இரண்டுக்கும் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா மண்டபப் படியில் உட்கார்ந்து அழுதாள். மறைக்காமல், சத்தமாக அழுதாள். அத்தான் வெளியே ஓடிப் போய் ஜிகர்தண்டா வாங்கி வந்து நீட்டினார், அவள் தொடவில்லை. மராத்தி அம்மாள் வந்து, விரதமாக இருந்தாலும் வெயில் நேரத்தில் ஏதாவது குடிக்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் மராத்தியில் சொன்னாள். எனக்கு அக்காவைத் தேற்றத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு வேண்டியது ஒரு மருமகன்கூட இல்லை, மகள் சாயங்காலம் வீட்டுக்கு வருவது மட்டும்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அங்க ரொம்பக் குளிருமாடி?" என்று கேட்டாள்.

"குளிரும்மா. பனி பெய்யும்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். மகாலுக்குப் பக்கத்திலேயே பத்துத் தூண் சந்து. இடித்த அரண்மனையில் தப்பிய பத்துத் தூண்கள் அந்தச் சந்தில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. நைட்டிகளும் உள்பாவாடைகளும் தொங்கும் ஒரு கடையில் அக்கா ஏறினாள்.

"அண்ணே, ஸ்வெட்டர் இருக்கா?"

கடைக்காரர் விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "வைகாசியிலயா? கொடைக்கானலாக்கா?"

"இல்லண்ணே. எம் பொண்ணு கொரியாவுக்கு வேலைக்குப் போறா. பாசியில பெரிய ஆராய்ச்சி. டாக்டரு." இத்தனை நாளாகப் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் மூடி வைத்த சேதியை அக்கா சந்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

கடைக்காரர் பரண் மேலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். தடித்த கம்பளியில், கழுத்து வரை பொத்தான் வைத்த சாம்பல் நிற ஸ்வெட்டர். அக்கா அதை அங்கேயே பச்சைச் சேலைக்கு மேல் மாட்டிவிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"கையைத் தூக்கு. கக்கத்துல பிடிக்குதா?"

"இல்லம்மா."

"கொஞ்சம் லூசாவே இருக்கட்டும். உள்ள ரெண்டு போட்டுக்கலாம்."

வெளியே அனல் அடித்தது. பூங்கொடியின் கழுத்திலிருந்து வியர்வை கோடாக இறங்கியது. கழற்றித் தாங்க, கட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் கை நீட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். செல்லூர் வரைக்கும் ஆட்டோவில் அதைப் போட்டுக்கொண்டேதான் வந்தாள்.